இரட்டைச் சத்தம்

இப்போதெல்லாம் எவனுக்கும் கண்ணால் பார்க்கத் தெரியவில்லை. தாலி கட்டுகிறவன் பெண்ணின் கழுத்தைப் பார்ப்பதில்லை, கேமராக்காரனைப் பார்த்துக்கொண்டு கட்டுகிறான். அவன் “இன்னொரு தரம்” என்றால் கட்டிய முடிச்சின் மேல் மறுபடியும் கையை வைத்துக்கொண்டு பல்லைக் காட்டுகிறான். சாவு வீட்டிலும் இதே கூத்துதான். பிணத்தை நாற்காலியில் தூக்கி உட்காரவைத்துச் சுற்றி நின்று படம் பிடித்துக்கொள்கிறார்கள். உயிரோடு கிடந்தபோது ஒரு வாய் காப்பித் தண்ணி கொடுக்காத மருமகள்தான் முதல் ஆளாய்ப் பிணத்தின் தோளில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டின் டீக்கடையில் பச்சமுத்து இதை வாரத்துக்கு ஒரு முறையாவது சொல்லிவிடுவார். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அப்படிப்பட்டவர் வீட்டிலேயே கேமரா வந்து விழும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்?

பச்சமுத்துவுக்கு அறுபத்துமூன்று வயது. எஸ்டேட்டில் பியூஸ் கட்டைகள் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் முப்பத்தெட்டு வருஷமாக வேலை. சூளையிலிருந்து இறங்கும் பீங்கான் சாமான்களைத் தட்டிப் பார்த்துப் பிரிப்பதுதான் அவர் வேலை. சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார். இடது கையில் சாமான், வலது கையில் ஒரு சாண் நீளத்துக்குத் தேக்குக் குச்சி. நல்ல சாமான் ஒரே சத்தம் கொடுக்கும். கண்ணுக்குத் தெரியாத முடி விரிசல் இருந்தாலும் இரண்டு சத்தம் வரும். முதல் சத்தத்தின் பின்னாலேயே இன்னொன்று நொண்டிக்கொண்டு வரும். அதை வலது பக்கக் கழிவுத் தொட்டியில் வீசுவார். ஒரு நாளைக்கு இரண்டாயிரம் உருப்படி. மூன்று முதலாளிகள் மாறிவிட்டார்கள், அவர் தட்டி அனுப்பிய சாமான் விரிசல் என்று ஒரு பெட்டிகூடத் திரும்பி வந்ததில்லை. அதனால் அவருக்குக் கண்ணின் மேல் மரியாதை கிடையாது. மனிதர்கள் மேலும் கிடையாது. காதின் மேல் மட்டும்தான் உண்டு.

சித்திரை மாதத்து வெயிலில் வேலை முடிந்து வந்து, கை கழுவாமல் வாசலில் உட்கார்ந்திருந்தார். புருவம், காது மடல், நெஞ்சு முடி எல்லாம் வெள்ளை மாவு. பெண்டாட்டி கண்ணம்மாள் நெத்திலிக் கருவாட்டின் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். மகள் கனகா உள்ளேயிருந்து வந்து நிலைப்படியில் சாய்ந்துகொண்டு நின்றாள்.

“எப்பா, நான் ஒரு கேமரா வாங்கப் போறன்.”

“எதுக்கு? ஒங்க அம்மாள கருவாடு கிள்ளறப்ப எடுக்கவா?”

“தொழிலு பண்றதுக்கு.”

“ஸ்டுடியோவுல கம்ப்யூட்டர் முன்னாடி ஒக்காந்து கண்டவன் மூஞ்சிக்கு வெள்ளை அடிக்கறியே, அது தொழிலு இல்லியா?”

“அங்க மாசம் ஆயிரத்தி எரநூறு தராங்க. அத வச்சிக்கிட்டு நான் யாருகிட்ட என்னா பேச முடியும்?”

அவள் யாரிடம் பேசவேண்டும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கனகாவைத் திட்டக்குடிப் பக்கம் பழமலைநாதன் என்பவனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தது. ஐந்து வருஷத்தில் மூன்று தரம் அடி வாங்கிக்கொண்டு வந்தாள். மூன்றாவது தரம் வந்தபோது இடது காதிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. ரத்தம் நின்றது, அந்தக் காது பிறகு கேட்கவில்லை. இது நடந்து ஒரு வருஷம் ஆகிறது. மாசியில் அவன் பக்கத்து ஆட்கள் நான்கு பேர் வந்து பஞ்சாயத்துப் பேசினார்கள். வைகாசி முடிவதற்குள் அனுப்பிவிடுகிறேன் என்று பச்சமுத்து வாக்குக் கொடுத்துவிட்டார். அன்றைக்குக் கனகாவிடம் அவர் சொன்னது ஒன்றுதான்: “நான் செத்துட்டா ஒன்ன யாருடி பாக்கறது?”

அதற்கு அவள் இப்போதுதான் பதில் கொண்டுவந்திருந்தாள்.

“ஸ்ரீமுஷ்ணத்துல பானுமதி அக்கா இருக்காங்க இல்ல, அவங்க பொண்ணுக்கு வைகாசில மஞ்சத் தண்ணி ஊத்துறாங்க. ஆம்பள கேமராக்காரன் வேணாம், நீதான் வரணுங்கறாங்க. போன வருசம் அவங்க தெருவுல ஒரு புள்ளைய ஈரத்துணியோட எடுத்த படத்த ஒருத்தன் கடக் கண்ணாடில ஒட்டி வச்சி அடிதடி ஆயிடிச்சி. எனக்கு ஏற்கனவே மூணு வூட்ல சொல்லி வச்சிருக்காங்க. ஸ்டுடியோக்காரரு அவரு கேமராவ வெளிய குடுக்க மாட்டாரு.”

“கைக்குள்ள அடங்கறாப்ல சின்ன கேமரா விக்கிறானே, அதுல எடு.”

“அது ஆவாதுப்பா. அதுல பட்டன அமுக்குனா ஒரு மூச்சு வுட்டுட்டுத்தான் படம் புடிக்கும். அதுக்குள்ள ஊத்துன தண்ணி தரைக்கே போயிடும். லென்ஸு மாத்தற பெரிய கேமராதான் வேணும். அதுலயும் வெறும் கேமரா பாடிக்குப் பணத்தக் கொட்டக் கூடாது. ஆறு மெகாபிக்சல் இருந்தா ஆல்பத்துக்குப் போதும். லென்ஸும் பிளாஷும்தான் நல்லதா பாக்கணும். எங்கிட்ட இருக்கறது இருவத்தஞ்சாயிரம். அதுக்குள்ள முடிக்கணும்.”

“ஏது ஒனக்கு இருவத்தஞ்சாயிரம்?”

கனகா கழுத்தைத் திருப்பிக் காட்டினாள். இரண்டு காதிலும் வேப்பங்குச்சி செருகியிருந்தது.

“அடிப் பாவி, கல்லுத் தோடுடி அது! எங்கம்மா போட்டது!” என்று கண்ணம்மாள் கருவாட்டை அப்படியே போட்டாள்.

“வேல செய்யிறது ஒரு காது. அதுக்கு எதுக்கு ரெண்டு தோடு?”

பச்சமுத்து மூக்கைச் சிந்தி எறிந்தார். வெள்ளையாய் வந்தது. “எங்க வாங்கற?”

“கருவேப்பிலங்குறிச்சியில தர்மராஜ்னு ஒரு ஸ்டுடியோக்காரரு, ஒரு வருசம் ஓட்டுனத விக்கிறாரு. ரெண்டு லென்ஸு, ஒரு பிளாஷு, பையி, எல்லாம் சேத்து இருவத்திரெண்டு. புதுசுன்னா அதே பணத்துக்கு ஒரு லென்ஸுதான் வரும்.”

“ஓட்டுனதா? நல்லா இருக்கறத எவன் விப்பான்? நானும் வரன்.”

“நீ எதுக்கு?”

“நான் தட்டிப் பாத்து சொல்லாம இந்த வூட்டுக்குள்ள எந்தச் சாமானும் வராது.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய சோற்றைக் குடித்துவிட்டு இருவரும் பஸ் ஏறினார்கள். தேக்குக் குச்சி அவர் இடுப்பு வேட்டியில் செருகியிருந்தது. பஸ்ஸில் ஒருவன் செல்போனைத் தூக்கிப் பிடித்து ஜன்னல் வழியாக முந்திரித் தோப்பைப் படம் எடுத்துக்கொண்டு வந்தான். “முந்திரி மரத்தப் பாத்ததே இல்லியாடா நீ?” என்று பச்சமுத்து அவனைக் கேட்டார். கனகா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தர்மராஜின் கடை பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரிலேயே இருந்தது. பாஸ்போர்ட் சைஸ் படத்துக்கு இரண்டு பெண்களும் ஒரு கிழவரும் காத்திருந்தார்கள். கிழவர் அதற்கென்று நெற்றியில் புதிதாய்த் திருநீறு பூசி வந்திருந்தார். அவரையும் பச்சமுத்து ஏளனமாகத்தான் பார்த்தார்.

தர்மராஜ் நல்ல மாதிரியான ஆள். மஞ்சள் பட்டை போட்ட கேமராவைப் பையோடு எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு, “நீங்களே பாருங்கம்மா” என்று ஒதுங்கி நின்றான். கனகா அதைப் பார்த்த விதமே வேறாக இருந்தது. லென்ஸைக் கழற்றிக் குழல் விளக்குக்கு நேரே பிடித்து உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்தாள். பேட்டரி மூடியைத் திறந்து தகட்டில் பச்சை பிடித்திருக்கிறதா என்று பார்த்தாள். ஒரு படம் எடுத்து அதற்கு விழுந்த நம்பரைப் படித்து, “எட்டாயிரம் படந்தான் ஓடிருக்குது” என்றாள். பிறகு ரோட்டுக்கு வந்து வெறும் வானத்தைப் படம் எடுத்து, அதைப் பெரிசாக்கி மூலை மூலையாகத் தேடினாள்.

“வானத்துல என்னாடி தேடற?”

“உள்ள தூசு வுழுந்திருந்தா வானத்துல புள்ளி தெரியும்பா. ஒண்ணும் இல்ல. சுத்தமா இருக்குது.”

அவள் முகத்தில் ஒரு வருஷமாக இல்லாத ஒன்று வந்திருந்தது. பணத்தை எடுக்க ரவிக்கைக்குள் கையை விட்டாள்.

“இரு” என்றார் பச்சமுத்து. “அத அமுக்கு. நான் கேக்கணும்.”

கேமராவின் பக்கத்தில் காதைக் கொண்டுபோனார். கனகா அமுக்கினாள். சடக்-சக்.

அவர் நெற்றி சுருங்கியது. “இன்னொரு தரம்.”

சடக்-சக்.

“ரெட்டச் சத்தம் வருது.”

தர்மராஜ் சிரித்தான். “எல்லா எஸ்எல்ஆர் கேமராவும் அப்பிடித்தாங்க பெரியவரே அடிக்கும். உள்ள ஒரு கண்ணாடி இருக்குது. பட்டன அமுக்குனா மேல தூக்கும், படம் வுழுந்ததும் கீழ எறங்கும்.”

“கண்ணாடி எதுக்கு?”

“கண்ண வச்சிப் பாக்கறதுக்குங்க.”

“எடுக்கறப்ப அது தூக்கிக்கிச்சின்னா?”

“அப்ப மட்டும் தெரியாது. ஒரு இமைக்கற நேரம்.”

“அப்ப எடுக்கற நேரத்துல எடுக்கறவனுக்கே ஒண்ணும் தெரியாது. குருடன் வேலைக்கு இருவத்திரெண்டாயிரம்.”

காத்திருந்த பெண்களில் ஒருத்தி சிரித்துவிட்டாள். தர்மராஜ் பொறுமையாகத்தான் இருந்தான். தான் வேலைக்கு வைத்திருக்கும் கேமராவைக் கொண்டுவந்தான். அது வேறு கம்பெனி, சிவப்பு எழுத்துப் போட்டது. அதை அவர் காதருகே பிடித்து அமுக்கினான். அதுவும் சடக்-சக் என்றது.

“கேட்டீங்களா? வேற கம்பெனி. அதே சத்தம்.”

“ரெண்டும் ஒரே சூளையில வெந்திருக்கும். ரெண்டும் விரிசல்தான்.”

“எப்பா, நீ சும்மா இரு” என்றாள் கனகா.

“நீ சும்மா இருடி. ஒடஞ்ச சாமான பொம்பளப் புள்ள தலையில கட்டப் பாக்கறான், பாத்துக்கிட்டு இருக்கச் சொல்றியா?” சொல்லிக்கொண்டே இடுப்பிலிருந்து தேக்குக் குச்சியை உருவி, மேஜைமேல் இருந்த கேமராவின் லென்ஸ் கண்ணாடியில் ஒரு தட்டுத் தட்டினார். டொக்.

தர்மராஜ் பாய்ந்து கேமராவைத் தூக்கிக்கொண்டான். அவன் முகம் கறுத்துவிட்டது. சட்டைத் துணியால் கண்ணாடியைத் துடைத்தான்; கீறல் இல்லை என்று தெரிந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தான்.

“ஏங்க, வயசுக்கு மரியாதை குடுத்துப் பேசிக்கிட்டு இருக்கன். நாலு பேரு வந்து போற கடையில என்னைத் திருடன்னு சொல்றீங்க. பொருளுமேல குச்சிய வுட்டு அடிக்கிறீங்க. ஒங்களுக்கு விக்கிறதா இல்ல. போயிட்டு வாங்க.”

“அண்ணே, அவரு தெரியாம...” என்று கனகா கெஞ்சினாள்.

“நீங்க நல்லாப் பாத்தீங்கம்மா, பாக்கத் தெரிஞ்சவங்க. ஆனா இந்த மனுசன் நாளைக்கு ஒரு படம் சரியா வரலன்னாலும் இங்க வந்து நிப்பாரு. எனக்கு அது வேணாம்.”

திரும்புகிற பஸ்ஸில் இரண்டு பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். கனகா தன் கேட்காத காதை அவர் பக்கம் வைத்து உட்கார்ந்திருந்தாள். அவர் பொட்டலத்திலிருந்து வறுத்த மல்லாட்டையை உடைத்து நீட்டினார். அவள் வாங்கவில்லை.

“ஒன்ன ஏமாறாம காப்பாத்துனன். அதுக்கு மூஞ்சத் தூக்கி வச்சிக்க.”

அவளுக்குக் கேட்டிருக்காது என்று நினைத்தார். கேட்டிருந்தது.

“அந்த ஆள மட்டும் என்னா பண்ணின நீ?”

“எந்த ஆள?”

“என்னைக் கட்டுனவன. அவனையும் தட்டிப் பாத்துதான குடுத்த?”

பச்சமுத்து மல்லாட்டைத் தோலை ஜன்னல் வழியாகப் போட்டார். பழமலைநாதன் பெண் பார்க்க வந்தபோது கணீரென்று பேசினான். கேட்ட கேள்விக்கு மென்று விழுங்காமல் ஒரே வார்த்தையில் பதில் சொன்னான். அவர்கள் போனதும், “ஒரே சத்தம். சுத்தமான சாமான்” என்று கண்ணம்மாளிடம் சொன்னது அவர்தான். உறவில் மூன்று பேர் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் முடித்ததும் அவர்தான்.

“அது வேற” என்றார்.



செவ்வாய்க்கிழமை கனகா யாரிடமும் சொல்லாமல் முதல் பஸ்ஸில் பாண்டிக்குப் போய்விட்டாள். சாயங்காலம் பச்சமுத்து வேலையிலிருந்து வந்தபோது அவள் நடுவீட்டில் உட்கார்ந்திருந்தாள். மடியில் புது கேமரா. ஒரே ஒரு லென்ஸ், ஒரு சின்ன பிளாஷ். பை வாங்கப் பணம் இல்லாமல் அம்மாவின் பழைய சேலையைக் கிழித்துச் சுற்றி வைத்திருந்தாள்.

அவர் நிலைப்படியில் காலை வைத்ததும், “எப்பா, அங்கியே நில்லு. ஒடம்பக் கழுவிட்டு உள்ள வா. மாவு பறக்குது, இதுக்குத் தூசு ஆவாது” என்றாள்.

“இந்த மாவுதான்டி ஒன்ன இத்தினி வருசம் சோறு போட்டு வளத்துது.”

“வளக்கலன்னு யாரு சொன்னா? கழுவிட்டு வான்னு சொல்றன்.”

கண்ணம்மாள் ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். “கழுவிட்டுத்தான் போயன். தேஞ்சா பூடுவ?”

சொந்த வீட்டு வாசலில், எதிர்வீட்டுக்காரன் பார்த்துக்கொண்டிருக்க, அவர் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டார். உள்ளே சடக்-சக் என்று கேட்டது. அம்மாவைப் படம் எடுக்கிறாள்.

“இதுவும் விரிசல்தான்!” என்று வாசலிலிருந்தே கத்தினார். உள்ளே மறுபடியும் சடக்-சக் என்று கேட்டது.

ஸ்ரீமுஷ்ணத்துக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை. பொம்பளையைத் தனியாய் எப்படி அனுப்புகிறது என்று சொல்லிக்கொண்டு கிளம்பினார். முதல் நாளே அந்தச் சாமான் உடைந்து, நான்கு பேர் முன்னால் அவள் நிற்கப்போகிறாள், அப்போது பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும் என்பதுதான் அவர் கணக்கு.

பானுமதியின் வீட்டுக்கு முன்னால் தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்தார்கள். வைகாசி வெயில் கீற்றின் ஓட்டைகளில் இறங்கிக்கொண்டிருந்தது. உள்முற்றத்தில் நான்கு சேலைகளைக் கட்டி மறைத்து, அதற்குள் பெண்கள் மட்டும் இருந்தார்கள். பானுமதி வாசலுக்கு வந்து கனகாவின் கையைப் பிடித்து, “வந்துட்டியாடி, ஒனக்காவத்தான் ஊத்தாம நிக்கறம்” என்று உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். பச்சமுத்துவை ஆண்கள் பக்கம் நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.

உள்ளே நடப்பது எதுவும் அவருக்குத் தெரியவில்லை. கேட்டது. பெண்கள் பாடுவது, சிரிப்பது, தண்ணீர் விழுவது, அந்தப் பெண் குளிரில் கூச்சலிடுவது. அதற்கு நடுவே சடக்-சக். சடக்-சக். அவர் எண்ணத் தொடங்கினார். அடுத்ததில் கேமரா உடைந்துவிடும், அதற்கு அடுத்ததில் உடைந்துவிடும் என்று ஒவ்வொன்றுக்கும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எண்பதுவரை எண்ணியபோது பக்கத்து நாற்காலியில் ஒரு ஆள் வந்து உட்கார்ந்தார். பழமலைநாதனின் சித்தப்பா சாமிதுரை. மாசியில் பஞ்சாயத்துக்கு வந்த நான்கு பேரில் ஒருவர்.

“என்னா மாமா, சௌக்கியமா? உள்ள கேமரா புடிக்கிறது நம்ம கனகாவாமே?”

“ஆமாம்.”

“நம்ம வூட்டுப் பொண்ணு ஊரு ஊரா கேமராவத் தூக்கிக்கிட்டு அலையுது. நீங்க பந்தல்ல ஒக்காந்து காத்து வாங்குறீங்க. நல்லா இருக்குதா?”

“நல்லா இல்லதான்.”

“அதான சொல்றன். வைகாசி முடிய இன்னும் பத்து நாளுதான் இருக்குது. நீங்க வாக்குக் குடுத்தவங்க. வெள்ளிக்கெழம நல்ல நாளு. பையன் வந்து கூட்டிக்கிட்டுப் போவட்டும். ஒரு அடி ரெண்டு அடி எந்த வூட்ல இல்ல?”

உள்ளே ஒரு குடம் தண்ணீர் விழுந்தது. சடக்-சக், சடக்-சக், சடக்-சக் என்று மூன்று முறை தொடர்ந்து கேட்டது. பெண்கள் குலவையிட்டார்கள்.

“சாமிதுரை, ஒங்க பையன் பொண்ணு பாக்க வந்தான் பாரு, அன்னிக்கி எப்பிடிப் பேசினான் தெரியுமா?”

“கணீர்னு பேசுவான் மாமா. இன்னிக்கும் அப்பிடித்தான்.”

“அதான். ஒரே சத்தம். முப்பத்தெட்டு வருசத்துல என் கையத் தாண்டிப் போன விரிசல் சாமான் அது ஒண்ணுதான். கம்பெனிக்கு வந்த சாமான்னா நான் கழிவுல போட்டுட்டுப் போயிருப்பன். பொண்ணக் குடுத்துட்டன்.”

“என்னா மாமா, பேச்சு ஒரு மாதிரியா போவுது?”

“ஒரு மாதிரியா இல்ல, நேராத்தான் போவுது. அவ வரமாட்டா. நான் அனுப்ப மாட்டன்.”

“நாலு பேருக்கு முன்னாடி குடுத்த வாக்கு!”

“அந்த நாலு பேருல ஒருத்தன் காதக் குடு, நீ குடு, அறுத்து அவளுக்கு வைக்கிறன். வச்சி கேக்குதான்னு பாத்துட்டு அனுப்பறன்.”

சாமிதுரை எழுந்து நின்று துண்டை உதறினார். சுற்றியிருந்தவர்கள் பார்த்தார்கள். அவர் பந்தலைவிட்டு வெளியே போனார். சாப்பிடாமல் போகிறாரே என்று யாரோ பின்னால் ஓடினார்கள். “போறான், வுடு. பந்தியில ஒரு எலை மிச்சம்” என்றார் பச்சமுத்து.

அவர் சாப்பிட்டார். சாம்பார் தண்ணியாக இருந்தது, வடையில் உப்பு இல்லை. பக்கத்தில் சாப்பிட்டவனிடம் அதைச் சொல்லிக்கொண்டே இரண்டாம் முறை சோறு வாங்கினார்.

கை கழுவிக்கொண்டு நின்றபோது கனகா வந்தாள். முந்தானை நனைந்து, நெற்றியில் யாரோ பூசிய மஞ்சளோடு இருந்தாள். அவளைச் சுற்றி ஏழெட்டுப் பெண்கள். ஒருத்தி ஆவணியில் தன் வீட்டுக்கு வரச்சொல்லி நம்பர் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சாமிதுரையிடம் அவர் பேசியது அதற்குள் அவளுக்கு எட்டியிருந்தது என்பது அவள் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது.  கேமராவைத் திருப்பி அதன் பின்னால் இருந்த சின்னத் திரையை அவருக்கு நேராய்ப் பிடித்தாள்.

“பாருப்பா.”

குடத்திலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணின் தலைக்கு ஒரு சாண் மேலே அப்படியே நின்றுவிட்டிருந்தது. ஒவ்வொரு துளியும் தனித்தனியாக, கிளேஸ் பூசிச் சூளையில் வேகவைத்த பீங்கான் மாதிரி பளபளவென்று. கீழே அந்தப் பெண் கண்ணை இறுக்க மூடி, தோளைக் குறுக்கி, வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

பச்சமுத்து வெகு நேரம் பார்த்தார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். தூரத்தில் பிடிக்கச் சொல்லிப் பார்த்தார்.

“எப்பிடி இருக்குது?”

“படத்துல குத்தம் ஒண்ணும் இல்ல.”

“அப்பறம்?”

“சாமான்தான் விரிசல்.”

“முன்னூத்தி நாப்பது படம் எடுத்துட்டன் இன்னிக்கி.”

“விரிசல் வுட்ட சாமானும் கொஞ்ச நாளு ஒழைக்கும்டி. அப்பறமாத்தான் காட்டும். ஒடையறப்ப சொல்லு, வந்து பாக்கறன்.”

கனகா சிரித்தாள். அவருக்கு அந்தச் சிரிப்பும் பிடிக்கவில்லை. இன்னும் மாலையில் பந்தல் சடங்கு இருக்கிறது, இருந்து தன்னைக் கூட்டிக்கொண்டு போ என்றாள் அவள்.

“எனக்கு வேல கெடக்குது. இத்தினி பொம்பளைங்க இருக்காங்க, பஸ் ஏத்தி வுடச் சொல்லு” என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்.

தெருவின் நடுப்பகுதிக்குப் போயிருப்பார். பின்னால் கேட்டது, சடக்-சக். தன் முதுகைத்தான் எடுக்கிறாள் என்று தெரிந்தது. எடுக்கிற நேரத்தில் அவளுக்கே எதுவும் தெரியாது. பச்சமுத்து நிற்காமல், திரும்பாமல் காதை மட்டும் கொடுத்தார். முதல் சத்தம், அதன் பின்னாலேயே நொண்டிக்கொண்டு இன்னொன்று. சந்தேகமே இல்லை.

“விரிசல்” என்று சொல்லிக்கொண்டு நடையை எட்டிப் போட்டார்.